விண்டோஸ், மேக், லினக்ஸ்: வீட்டுக்குள் கோப்புப் பகிர்வு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

ஒரு விண்டோஸ் 11 லேப்டாப், ஒரு மேக்புக், மூலையில் உபுண்டு போட்ட பழைய டெஸ்க்டாப். மூன்றும் ஒரே வீட்டு வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாண வீடியோவை மேக்கில் திறக்கப் போனால் இணைப்பு கிடைக்காது. விண்டோஸில் போனால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். உடனே பலர் செய்வது என்ன? ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பார்கள், ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு முழு அனுமதி கொடுப்பார்கள், ஏதோ ஒரு வீடியோவில் பார்த்ததாகச் சொல்லி எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையைத் திரும்ப ஆன் செய்வார்கள். சில சமயம் வேலையும் செய்துவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நடுவில் வீடும் திறந்தே கிடக்கும்.

இந்த வழிகாட்டியின் முறை வேறு. கீழிருந்து மேலாகப் போவோம். இரண்டு கணினிகளுக்கும் நடுவில் பாதை இருக்கிறதா, பகிர்வுக்கான வாசலாகிய 445-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படுகின்றனவா, ஃபோல்டரில் அனுமதி இருக்கிறதா, கடைசியாகக் கோப்பின் பெயரே தகராறா. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கோப்பை வைத்திருப்பதைக் ‘கொடுக்கும் கணினி’ என்றும் எடுக்கப் போவதைக் ‘கேட்கும் கணினி’ என்றும் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

மூன்றுக்கும் பொதுவானது எஸ்எம்பி

1983-இல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைதான் இன்றும் மூன்று இயங்குதளங்களுக்கும் நடுவே ஓடுகிறது. விண்டோஸில் அது உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் அந்த வேலையைச் சாம்பா செய்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் கவனித்தே எழுத ஆரம்பித்தது அது. மேக்கில் முன்பு ஆப்பிளின் சொந்தப் பகிர்வு முறையான ஏஎஃப்பி இருந்தது. 2013-இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து எஸ்எம்பிக்குத்தான் முதலிடம். அதனால் பழைய கட்டுரைகளில் வரும் ஏஎஃப்பி, விண்டோஸ் ‘ஹோம்குரூப்’ ஆகியவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஹோம்குரூப்பை 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எஸ்எம்பியில் பதிப்புகள் உண்டு. 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்தது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். அதன்பிறகு விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. 2019-இல் வந்த சாம்பா 4.11-உம் அதை அணைத்தே வைத்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் மூன்று கணினிகளும் பதிப்பு 2 அல்லது 3-இல் பேசத் தெரிந்தவை. அவற்றுக்கு நடுவில் எஸ்எம்பி 1-க்கு வேலையே இல்லை.

நெட்வொர்க் ஐகானை நம்பாதீர்கள்

‘நெட்வொர்க்’ பக்கத்தில் அந்தக் கணினியின் பெயர் தெரியவில்லை என்பதற்கும் அதனுடன் இணைய முடியாது என்பதற்கும் சம்பந்தமில்லை. பெயரை அறிவிக்க ஒவ்வொரு இயங்குதளமும் ஒரு வழியை வைத்திருக்கிறது. மேக் பயன்படுத்துவது பான்ஜோர். லினக்ஸில் அதற்கு இணையானது அவாஹி. இன்றைய விண்டோஸ் கேட்பது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி. சாம்பா தானாக அந்த அறிவிப்பைச் செய்யாது. அதனால்தான் உபுண்டு மேக்கில் தெரிந்து, விண்டோஸில் தெரியாமல் போகிறது. ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற சிறிய பேக்கேஜை உபுண்டுவில் நிறுவினால் பெயர் வந்துவிடும். ஆனால் அது அழகுக்குத்தான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை செய்யும்போது எப்போதும் ஐபி எண்ணைக் கொண்டே இணையுங்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட்-கே. வரும் பெட்டியில் எஸ்எம்பி, அதையடுத்து :// போட்டு ஐபி. உபுண்டுவின் ஃபைல்ஸ் முகவரிப் பட்டையிலும் அதேதான். எண்ணில் திறந்து, பெயரில் திறக்கவில்லை என்றால் பகிர்வில் கோளாறு இல்லை. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கி, அதையே புக்மார்க்காக வைத்துக்கொண்டால் முடிந்தது.

படி 1: பாதை இருக்கிறதா

விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’, லினக்ஸில் ‘ஐபி ஏ’, மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைச் சொடுக்குவது. மூன்றின் எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு ரவுட்டரில் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1.20, இன்னொன்று 192.168.0.7 என்றால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனி நெட்வொர்க் நடத்துகின்றன என்று அர்த்தம். ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப்போன பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். அதன் பின்னால் நாம் கடையில் வாங்கிய ரவுட்டரைச் செருகினால் இந்த நிலைமை வரும். இன்டர்நெட் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஓடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. நம் ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் தீரும். 169.254 என்று தொடங்கும் எண் கண்ணில் பட்டால், அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை.

எண்கள் ஒத்துப்போனால் ‘பிங்’ கட்டளைக்கு எதிர்க் கணினியின் ஐபியைக் கொடுத்து அடியுங்கள். பதில் வந்தால் அடுத்த படி. வராவிட்டால் உடனே முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடியது. பிங் தோற்ற கையோடு ‘ஏஆர்பி மைனஸ்-ஏ’ அடித்துப் பாருங்கள். எதிர்க் கணினியின் ஐபிக்கு நேராக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக ஒரு மேக் முகவரி (ஆப்பிள் மேக் அல்ல, நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) வந்திருந்தால் பாதை உண்டு, ஃபயர்வால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அந்த வரி காலியாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

அப்படிப் பார்க்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒரு கணினி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கும். அல்லது ரவுட்டரில், வைஃபையில் உள்ளவற்றை ஒன்றையொன்று பார்க்கவிடாத ‘ஏபி ஐசொலேஷன்’ ஆன் ஆகியிருக்கும். கேபிளில் மாட்டினால் வேலை செய்து வைஃபையில் செய்யாது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். மூன்றாவது, ஆபீஸ் லேப்டாப்பில் ஓடும் விபிஎன். அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

படி 2: 445 திறந்திருக்கிறதா

எஸ்எம்பி பேசுவது டிசிபி 445-ஆம் போர்ட்டில். விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்கு ஐபியையும் போர்ட் 445-ஐயும் கொடுத்தால் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று கடைசி வரியில் சொல்லிவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் நெட்கேட் இதே வேலையைச் செய்யும்.

கொடுப்பது விண்டோஸ் என்றால் பெரும்பாலும் விடை நெட்வொர்க் வகையில் இருக்கிறது. புதிய வைஃபையில் இணைந்தால் விண்டோஸ் அதை ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்கிறது. பேருந்து நிலைய வைஃபைக்கு அது சரி, வீட்டுக்குச் சரியில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த வைஃபையின் பண்புகளில் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ போய், பிரைவேட் பகுதியில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ரவுட்டரை மாற்றிய மறுநாள் பகிர்வு நின்றுபோனால் முதலில் இங்கேதான் வரவேண்டும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலை வைத்திருந்தால் அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், அங்கே ‘ஃபைல் ஷேரிங்’. உபுண்டுவில் ஃபயர்வால் போட்டிருந்தால் ‘யுஎஃப்டபிள்யூ அலவ் சாம்பா’ ஒரே வரியில் வேலையை முடிக்கும்.

படி 3: நீங்கள் யார் என்று கணினி ஒப்புக்கொள்கிறதா

இனிமேல்தான் விஷயமே. என் அனுபவத்தில் வீட்டுப் பகிர்வுச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு படியில்தான் மாட்டிக்கொள்கிறது. மூன்று இயங்குதளங்களிலும் காரணம் மூன்று விதம்.

*கொடுப்பது விண்டோஸ்.* தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறீர்கள். அந்தப் பின் அந்த இயந்திரத்துக்கு மட்டுமே சொந்தம். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயர் முழு மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டே இல்லாத கணக்காக மாற்றியிருந்தால் அதுவும் நடக்காது. பாஸ்வேர்டு காலியாக இருக்கும் உள்ளூர்க் கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் அனுமதிப்பதில்லை. என் யோசனை: இதோடு மல்லுக்கட்டாமல், பகிர்வுக்கென்றே தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்குங்கள். ‘வீடு’ போன்ற ஒரு பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைத்து, நல்ல பாஸ்வேர்டு ஒன்று கொடுங்கள். அட்மின் உரிமை வேண்டாம். மேக்கிலும் லினக்ஸிலும் அந்தப் பெயரையே அடியுங்கள்.

*கொடுப்பது மேக்.* ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தாயிற்று, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் விண்டோஸ் ‘தவறு’ என்கிறதா? ஃபைல் ஷேரிங் பக்கத்தில் ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். கீழே ‘விண்டோஸ் ஃபைல் ஷேரிங்’ என்று ஒரு பட்டியல். அதில் உங்கள் கணக்குக்கு நேராக உள்ள பெட்டியை டிக் செய்து பாஸ்வேர்டை ஒருமுறை கொடுக்க வேண்டும். விண்டோஸுக்கு ஏற்ற வடிவத்தில் பாஸ்வேர்டை மேக் தனியாகச் சேமிக்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் கூடுதல் வேலை. இரண்டு மேக்குகளுக்கு நடுவில் இது தேவைப்படாது; அதனால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

*கொடுப்பது லினக்ஸ்.* உபுண்டுவில் உள்நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. சாம்பா தன் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது. ‘சுடோ எஸ்எம்பிபாஸ்வ்ட் மைனஸ்-ஏ’, பின்னால் பயனர் பெயர். பாஸ்வ்ட் என்பதை ஓ, ஆர் இரண்டும் விட்டு எழுதவேண்டும். அந்தப் பயனர் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் உபுண்டு ஒரு குழப்பம் செய்யும். அதனுடன் வரும் சாம்பா அமைப்புக் கோப்பில் ‘மேப் டு கெஸ்ட்’ என்ற வரிக்கு ‘பேட் யூசர்’ என்ற மதிப்பு இருக்கிறது. சாம்பாவின் பட்டியலில் இல்லாத பெயரில் யார் வந்தாலும், பாஸ்வேர்டு தவறு என்று சொல்லாமல் அவரை விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் பக்கத்தில் நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் அடித்திருப்பீர்கள். ஆனால் திரையில் வருவது ‘நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தாளி அணுகலைத் தடுக்கிறது’ என்ற பொருளில் ஒரு செய்தி. வீட்டில் ஏது நிறுவனம் என்று திகைத்து, பலர் குரூப் பாலிசியைக் கிளறப் போய்விடுகிறார்கள். அங்கே போகவே வேண்டாம். அந்தப் பெயரைச் சாம்பாவில் சேர்த்தால் போதும்.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் விண்டோஸ் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து அந்த ஐபிக்கான பதிவை நீக்குங்கள். மேக்கில் அதே பழைய பாஸ்வேர்டு கீசெயினில் உட்கார்ந்திருக்கும்.

பிழை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எக்ஸ்ப்ளோரர் காட்டும் செய்திகள் பெரும்பாலும் உதவாது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘நெட் யூஸ்’ கட்டளையில் \\ஐபி\பகிர்வுப்பெயர் கொடுத்து இணைத்துப் பாருங்கள். அது சொல்லும் எண் நம்மை நேராக இடத்துக்குக் கூட்டிப்போகும்.

53 வந்தால் கணினியையே எட்டவில்லை. படி 1, 2-க்குத் திரும்புங்கள். எக்ஸ்ப்ளோரரில் 80070035 என்று முடியும் நீளமான எண்ணும் இதே நோய்தான். 67 என்றால் கணினி கிடைத்துவிட்டது, பகிர்வின் பெயர் தவறு. ‘நெட் வியூ’ போட்டு அங்கே உண்மையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1326 என்பது பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 1327 வந்தால் காலி பாஸ்வேர்டு மாதிரிக் கணக்குக் கட்டுப்பாடு. 1272 மேலே சொன்ன விருந்தாளித் தடை. 5 என்றால் சந்தோஷப்படலாம்: உள்ளே போய்விட்டீர்கள், ஃபோல்டர் அனுமதி மட்டும்தான் பாக்கி.

1219 கொஞ்சம் வினோதமானது. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. முந்தைய முயற்சி பின்னணியில் இன்னும் உயிரோடு இருக்கும். ‘நெட் யூஸ்’, நட்சத்திரக் குறி, ‘/டெலீட்’ என்று கொடுத்து எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

லினக்ஸிலிருந்து மவுண்ட் செய்யும்போதும், அதாவது பகிர்வை ஒரு ஃபோல்டராக இணைக்கும்போதும், எண்கள் வரும். 13 அனுமதி மறுப்பு. 2 பகிர்வின் பெயர் பிழை. 112 ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று பயமுறுத்தும், ஆனால் பல சமயம் எதிர்ப்பக்கம் எழுந்துதான் இருக்கும், எஸ்எம்பி பதிப்பு ஒத்துவராததே காரணம்.

படி 4: அனுமதி

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அடுக்கு அனுமதி: ‘ஷேரிங்’ தாவலில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் பகிர்வு அனுமதி ‘ரீட்’ என்றே நின்றிருக்கும். இரண்டு தாவலிலும் நாம் உருவாக்கிய அந்தத் தனிக் கணக்குக்கு மட்டும் ‘சேஞ்ச்’, ‘மாடிஃபை’ கொடுங்கள். ‘எவ்ரிஒன்’ வேண்டாம்.

லினக்ஸில் ஃபோல்டரின் அனுமதி மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் கடந்துபோகும் உரிமை வேண்டும். உபுண்டு 21.04-இலிருந்து ஹோம் ஃபோல்டர்கள் 750 என்ற அனுமதியுடன், பிறர் நுழைய முடியாதபடி உருவாகின்றன. அதனுள்ளே ஒரு ஃபோல்டரை 777 ஆக்கி எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்தாலும் வேறொரு பயனருக்குக் கதவு திறக்காது. ‘நேம்ஐ மைனஸ்-எல்’ கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் எந்தப் படியில் அடைபடுகிறது என்று வரிசையாகக் காட்டும். வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கை உபுண்டு தானாக மவுண்ட் செய்யும்போதும் இதே கதை. உள்நுழைந்திருப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும். குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் கோப்புகளை ‘எஸ்ஆர்வி’ ஃபோல்டருக்குள் தனி இடம் ஒதுக்கி வைப்பது நல்லது. சாம்பாவின் அமைப்புக் கோப்பை மாற்றியதும் ‘டெஸ்ட்பார்ம்’ ஓட்டினால் எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

லினக்ஸ் கேட்கும் பக்கத்தில் இருந்தால், மவுண்ட் ஆன கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் வந்து நிற்கும். உங்கள் ‘யுஐடி’ (பயனர் எண்), ‘ஜிஐடி’ (குழு எண்) இரண்டையும் மவுண்ட் விருப்பங்களில் சேர்க்காதவரை எழுத விடாது. துவங்கும்போதே தானாக மவுண்ட் ஆக, ‘எஃப்எஸ்டாப்’ கோப்பில் போடுவதானால் ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொடுக்கும் கணினி அணைந்திருக்கும் நாளில் உபுண்டு துவங்கும்போதே தடுமாறும்.

விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் மேக் எழுதாது என்பார்கள். நேராகச் செருகும் டிஸ்க்குக்குத்தான் அது பொருந்தும். பகிர்வு வழியாக வரும்போது எழுதுவது கொடுக்கும் கணினியே.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பின் நின்றது

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. அதன் ப்ரோ, எஜுகேஷன், எண்டர்ப்ரைஸ் பதிப்புகளில் எஸ்எம்பி ‘சைனிங்’ கட்டாயமாக்கப்பட்டது: போகும் வரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும். பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக நுழைவதையும் ப்ரோவில் அணைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது; விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஆகவே கையொப்பமும் கிடையாது. ரவுட்டரின் யுஎஸ்பியில் டிஸ்க்கைச் செருகி, பாஸ்வேர்டு இல்லாமல் படம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் இதில்தான் மாட்டின.

தீர்வாக இணையத்தில் கிடைப்பது அந்த இரண்டையும் பவர்ஷெல்லில் திரும்ப அணைக்கும் வழி. அதற்கு முன் ரவுட்டரிலோ என்ஏஎஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ ஒரு பயனரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கிப் பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். பலவற்றில் அதுவே போதும். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பழைய பெட்டி என்றால், அதன் டிஸ்க்கைக் கழற்றி உபுண்டு டெஸ்க்டாப்பில் மாட்டுங்கள். ஒரு பழைய பெட்டிக்காக மற்றக் கணினிகளின் பாதுகாப்பைத் தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேகம் பற்றி ஒரு வரி: கேபிளில் வினாடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. கிகாபிட் என்றால் 110 வரை வரவேண்டும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படி 5: தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

எல்லாம் சரியான பிறகும் சில கோப்புகள் மட்டும் நகலாகாமல் நின்றால் பெயரைப் பாருங்கள். கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், முக்காற்புள்ளி ஆகியவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. சாம்பா அத்தகைய பெயர்களை நடுவில் ~ போட்ட குட்டைப் பெயராகச் சிதைத்துக் காட்டும்.

தமிழுக்கென்றே இரண்டு உண்டு. முதலாவது நீளம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பெயருக்கு 255 குறியீடுகள் இடம் தருகிறது. லினக்ஸின் எக்ஸ்ட் 4 தருவது 255 பைட். லினக்ஸில் வழக்கமான யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். கணக்குப் போட்டால் லினக்ஸில் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். ‘அத்தை மகன் காதணி விழா குலதெய்வம் கோவிலில்…’ என்று விண்டோஸில் நீட்டி முழக்கிய பெயர் உபுண்டு பகிர்வுக்குப் போகாமல் அடம்பிடிப்பது இதனால்தான். பெயரைச் சுருக்குவது ஒன்றே வழி.

இரண்டாவது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். யுனிகோடில் ‘கோ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றேதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்தே சேமித்தன. விண்டோஸில் நாம் தட்டுவது பொதுவாகச் சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே அப்படிப்பட்ட மேக் டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் உபுண்டுவுக்கு வந்த ‘கோவில்’ ஃபோல்டரும், விண்டோஸிலிருந்து வந்த ‘கோவில்’ ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நிற்கும். தேடினால் ஒன்று மட்டும் அகப்படும்.

இதற்கு உபுண்டுவில் ‘கான்வ்எம்வி’ என்ற பெயர் மாற்றும் கருவி இருக்கிறது. உள்ளீடு, வெளியீடு இரண்டையும் யுடிஎஃப்-8 என்று கொடுத்து, சேர்ந்த வடிவத்தைக் குறிக்கும் ‘என்எஃப்சி’ விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் அது எதையும் மாற்றாது, எந்தப் பெயர் எப்படி ஆகும் என்று பட்டியல் மட்டும் போடும். பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு, ‘நோடெஸ்ட்’ சேர்த்து மறுபடி ஓட்டினால் பெயர்கள் மாறும். இரண்டு வடிவத்திலும் ஒரே பெயரில் ஃபோல்டர்கள் இருந்தால், ஓட்டுவதற்கு முன் ஒன்றின் பெயரைக் கையால் மாற்றி வையுங்கள்.